உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கம்

நெஞ்சு வலியோடு இருப்பவன், ஆஸ்பத்திரி இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி வண்டியைத் திருப்பச் சொல்வானா? நான் சொன்னேன். குடித்திருக்கவில்லை. திருப்பதியில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, நல்ல புத்தியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த நல்ல புத்தியோடுதான் சொன்னேன்.

இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் மனைவி இந்தக் கதையை எங்கள் தெருவில் சொல்லிவிட்டாள், சொந்தக்காரர் கல்யாணங்களில் சொல்லிவிட்டாள், அரியலூர் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்லிவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டு வருகிறேன். நானே எழுதிவிட்டால் உண்மையில் எவ்வளவு முட்டாளோ அவ்வளவோடு நிற்கும்.

அரியலூர் பக்கம் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் டிப்பர் லாரி எனக்கு இரண்டு இருந்தன. முதலில் அடுத்தவர் லாரிக்கு டிரைவர், பிறகு சொந்த லாரிக்கு டிரைவர், பிறகு முதலாளி. முதலாளி என்றால் பஞ்சரானால் நானே படுத்து டயர் கழற்றும் முதலாளி. கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும். எடை மேடையில் ஒருவன் இரண்டு நிமிடம் தாமதித்தால் அவன் பரம்பரையையே விசாரிப்பேன். கோபப்படாமல் ஒரு வேலையும் நடக்காது என்பது என் கணக்கு. நான் கோபப்பட்டதால் நடக்காமல் போன வேலைகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒருமுறை லாரிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் பெரம்பலூர் போயிருந்தேன். அங்கே இருந்த ஆள் பேசத் தெரிந்தவன். "வண்டிக்கு எல்லாம் போட்டு வச்சிருக்கீங்க சார். முதலாளிக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்றான். அவன் என்னை முதலாளி என்று சொன்னதுமே பாதி விழுந்துவிட்டேன். மீதி பாதி, அவன் ஆம்புலன்ஸ் என்று சொன்னபோது விழுந்தது. இந்தியா முழுக்க எங்கே பயணம் போனாலும், உடம்புக்கு ஏதாவது வந்தால் ஒரு போன் அடித்தால் போதுமாம். தனி ஆம்புலன்ஸ். தேவைப்பட்டால் ஆகாயத்திலும் ஆம்புலன்ஸ். படம்கூடப் போட்டிருந்தது. பச்சை வயலில் ஒரு ஹெலிகாப்டர் நிற்க, பக்கத்தில் ஒரு குடும்பம் நின்று சிரிக்கிறது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றே தெரியவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு அட்டை கொடுத்தார்கள். அதை நான் லாரி டிரைவர்கள் இருவரிடமும் காட்டினேன். எடை மேடைக்காரனிடம் காட்டினேன். டீக்கடையில் காட்டினேன். "நான் விழுந்தா எனக்குன்னு தனி வண்டி வரும்டா. உங்களுக்குத்தான் நூத்தியெட்டு" என்று சொன்னேன். நூத்தியெட்டைச் சொல்லும்போது உதட்டைக்கூடச் சுழித்தேன் என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம்.

இலவசம் என்றால் எனக்கு எரிச்சல். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களுக்கு நிலம் கிடையாது. என் அப்பா திருமானூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். அவருக்கு வயிற்று வலி முற்றியபோது கரும்பு ஏற்றிப்போன டிராக்டரின் ஓரத்தில் உட்கார வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டிராக்டர்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் போகிற இடம் வரைக்கும்தான் போவார். கரும்பு இறங்கும் இடத்தில் அப்பாவையும் இறக்கிவிட்டார். மீதித் தூரம் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு எனக்கு ஒன்று மண்டையில் ஏறிவிட்டது. அடுத்தவன் வண்டியில் ஏறினால் அடுத்தவன் சொல்லும் இடத்தில்தான் இறங்க வேண்டும். காசு கொடுத்து நம் வண்டியில் ஏறினால் நாம் சொல்லும் இடத்தில் இறங்கலாம். நியாயமான எண்ணம்தான். அந்த நியாயம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது.

திருப்பதிப் பயணம் மனைவியின் வேண்டுதல். எனக்குச் சாமியைவிட லட்டில் ஈடுபாடு அதிகம். மச்சினனின் கார். மனைவியின் தம்பி, நிதானமாக ஓட்டுவான், எதிர்த்துப் பேசமாட்டான். அதனால் எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். விடியலில் கிளம்பி, விழுப்புரத்தில் சாப்பிட நிறுத்தினோம். எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று இருந்தது. உளுந்தூர்பேட்டை தாண்டிய பிறகு தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்தேன். தொழுதூர் வந்தபோது இடது கை கனத்தது. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டே வந்ததால் என்று நினைத்தேன். டோல்கேட்டைத் தாண்டியதும் டிப்பரின் பின் சக்கரத்தை ஏற்றி நெஞ்சின் மேல் நிறுத்திவிட்டது போல இருந்தது. அப்போதும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்புடி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் மனைவி பின் சீட்டிலிருந்து.

"கேஸ். அந்த ஓட்டல் பூரி."

"பூரி நாந்தான தின்னேன்?"

மச்சினன் காரை ஓரம் கட்டினான். வாலிகண்டபுரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம் ஒரு டீக்கடை. கடைக்காரர் லப்பைக்குடிக்காட்டு பாய். சவூதியில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டு ஊரோடு வந்தவர். நான் இறங்கி நின்றதைப் பார்த்ததுமே டீ ஆற்றிக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"யா அல்லாஹ். அண்ணே, நிக்காதீங்க, உக்காருங்க. சட்டப் பட்டன கழட்டுங்க. எங்க மொதலாளிக்கு அங்க இப்புடித்தான் வேத்து ஊத்துச்சு."

"அப்புறம் என்னாச்சுங்க?" என்றான் மச்சினன்.

"அப்புறம் என்ன, புது மொதலாளி வந்தாரு."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். உடனே போனை எடுத்து டோல்கேட் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். இந்த ரோட்டில் போகிறவர்களுக்கு என்று டோல்கேட்டில் ஒரு ஆம்புலன்ஸ் எப்போதும் நிற்கும். நாம் கட்டும் சுங்கத்தில் ஓடும் வண்டிதான், தனியாகக் காசு கிடையாது. கடைக்கு எதிரிலேயே விபத்துகள் பார்த்துப் பார்த்து அவர் போனில் அந்த நம்பர் மேலேயே இருந்தது.

நான் அதற்குள் என் அட்டையை எடுத்துவிட்டேன். "அதெல்லாம் எதுக்கு பாய்? எனக்குத் தனி வண்டி வரும். ஹெலிகாப்டரே வரும்."

பாய் வானத்தைப் பார்த்தார். பிறகு தன் தகரக் கூரையைப் பார்த்தார். "அத வேற எங்கயாச்சும் எறக்கச் சொல்லுங்கண்ணே. கூர பறந்துரும்."

டோல்கேட் வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. என் வாழ்க்கையில் கூப்பிட்டவுடன் வந்த வண்டி அது ஒன்றுதான். அதை நான் திருப்பி அனுப்பினேன்.

நர்ஸ் ஒரு சின்ன வயசுப் பெண். மரியாதையாகவெல்லாம் பேசவில்லை. என் கையைப் பிடித்தாள், பட்டை கட்டி அழுத்தம் பார்த்தாள், விரலில் எதையோ மாட்டினாள், ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று முழுங்கச் சொன்னாள். நான் மாத்திரையை மட்டும் மென்றேன். அதுதான் இலவசமாக நான் ஒத்துக்கொண்ட ஒரே காரியம்.

"இது கேஸ் இல்லய்யா. ஹார்ட்டு மாதிரி இருக்கு. ஏறிப் படுங்க."

"எங்க போகும் வண்டி?"

"பெரம்பலூர் ஜி.எச்."

"திருச்சிக்கு விடு. பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, என் அட்டையில போட்டிருக்கான்."

"போவாதுங்க. பக்கத்துல இருக்க அரசு ஆஸ்பத்திரி வரைக்குந்தான் எங்களுக்கு. அங்க ஊசி போட்டுட்டு, திருச்சிக்கு அனுப்பணும்னா அவங்களே அனுப்புவாங்க."

"சரி, அரியலூருக்கு விடு. எங்க ஊரு."

"இந்த ரோட்ட விட்டு எங்கயும் போக மாட்டோம். பெரம்பலூர் பக்கம். ஏறுங்க."

அவள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குக் கரும்பு டிராக்டராகக் கேட்டது. அட்டையை நீட்டினேன். "காசு கட்டியிருக்கேம்மா. எனக்குன்னு வண்டி வரும், ஹெலிகாப்டர்கூட வரும். நான் சொல்ற எடத்துக்குப் போகும்."

அவள் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "வரட்டும். அது வர்ற வரைக்கும் நெஞ்சு சும்மா இருக்குமான்னு அதையும் ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

இதுவரை பொறுத்திருந்த மனைவி வாயைத் திறந்தாள். "ஏங்க, ஏறுங்க. அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க."

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. திருப்பதி போனால் நேராக வீட்டுக்கு வர வேண்டும். வழியில் இன்னொரு வீட்டில் கால் வைக்கக் கூடாது, சாவு வீடு, ஆஸ்பத்திரி எதுவும் கூடாது. போய்வந்த பலன் வழியிலேயே இறங்கிவிடும் என்பார்கள். காலையில்தான் அதற்காக மனைவியைக் கிண்டல் செய்திருந்தேன். விழுப்புரத்தில் அவள் அத்தை வீட்டை எட்டிப் பார்க்கலாம் என்று மச்சினன் கேட்டபோது அவள் கூடாது என்றாள். "பலன் என்ன பாலா, வழியில சிந்திப் போறதுக்கு?" என்று கேட்டு நானே சிரித்தேன். அந்த வாயால் இப்போது நர்சைப் பார்த்துச் சொன்னேன்:

"சாமிக்கு மொட்ட போட்டுட்டு வரேம்மா. நேரா வூட்டுக்குத்தான் போகணும். ஆஸ்பத்திரியில எல்லாம் கால் வைக்கக் கூடாது."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையில் இருந்த லட்டுப் பையை என் மேல் எறிந்திருப்பாள். பிரசாதம் என்பதால் எறியவில்லை.

நர்ஸ் வாதாடவில்லை. வர மறுக்கிறேன் என்று கையெழுத்துக் கேட்டாள். போட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் கூட நான் அவ்வளவு அழகாகப் போட்டதில்லை. "மறுபடி வலிச்சா கூப்பிடுங்க. ஒடனே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஏறினாள். வண்டி டோல்கேட்டுக்குத் திரும்பியது.

இப்போது என் தனி வண்டிக்குப் போன் செய்தேன். முதலில் இந்தியில் வரவேற்றார்கள். பிறகு ஆங்கிலத்தில் வரவேற்றார்கள். தமிழுக்கு ஒரு பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினேன். பாட்டுப் போட்டார்கள். நெஞ்சின் மேல் டிப்பர் நிற்க, நான் புல்லாங்குழல் கேட்டுக்கொண்டிருந்தேன். பாய் விசிறிக்கொண்டிருந்தார். கடையில் டீ குடிக்க வந்த இரண்டு பேர் டீயை மறந்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒரு பெண் வந்தாள். நல்ல குரல். "வணக்கம் சார், நீங்க இப்ப பாதுகாப்பான எடத்துல இருக்கீங்களா?"

"நெஞ்சு வலிக்குது. ஆம்புலன்ஸ் அனுப்பு."

பெயர் கேட்டாள், அட்டை நம்பர் கேட்டாள், வீட்டு பின்கோடு கேட்டாள், இப்போது நிற்கும் இடத்தைக் கேட்டாள். எல்லாம் சொன்னேன். கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சார், நீங்க உங்க வீட்டுலேர்ந்து நூறு கிலோமீட்டருக்குள்ள இருக்கீங்க."

"ஆமா. அதனால என்ன?"

"நூறு கிலோமீட்டரத் தாண்டி இருந்தாத்தான் சார் பயணம்னு எடுத்துக்குவாங்க. இது பயணத்துல வராது சார்."

"பயணத்துல வராதா? திருப்பதியிலேர்ந்து வரேன்மா! தலையத் தொட்டுப் பாரு, மொட்ட!"

போனில் எப்படித் தொட்டுப் பார்ப்பாள்? ஆனால் அவள் "புரியுது சார்" என்றாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "சார், நீங்க ஒடனே நூத்தியெட்டக் கூப்பிடுங்க சார். இல்ல பக்கத்துல எது கெடைக்குதோ அதுல ஏறுங்க. ப்ளீஸ் சார்."

காசு கட்டி வாங்கிய நம்பரில் எனக்குக் கிடைத்த ஆலோசனை, இலவச நம்பரைக் கூப்பிடு என்பது. அந்தப் பெண்ணை என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுதமாட்டேன். என்னைக் காப்பாற்றப் பார்த்தவள் அவள். அவள் போனை வைக்கவும் இல்லை. நான் திட்டி மூச்சு வாங்கியபோது, "சார், பேசாதீங்க சார், வேற யாருகிட்டயாவது குடுங்க" என்றாள்.

நான் கொடுக்கவில்லை. "அப்ப எங்க நின்னா வருவீங்க? அதச் சொல்லு."

"அப்படி இல்ல சார்..."

"சொல்லும்மா!"

"சார், மேப்புல பாத்தா... உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தா..."

போனை வைத்தேன். உளுந்தூர்பேட்டையை ஒரு மணி நேரம் முன்னால்தான் தாண்டி வந்திருந்தேன். தாண்டும்வரை தாடைகூட வலிக்கவில்லை. வீட்டுப் பக்கம் வந்த பிறகுதான் இந்த நெஞ்சு ஆரம்பித்திருக்கிறது. முதலில் என் நெஞ்சின் மேல்தான் கோபம் வந்தது. பிறகு வந்ததுதான் அந்த யோசனை. நூறு கிலோமீட்டருக்குள் இருப்பதுதானே குறை? தாண்டிவிட்டால்?

"மாப்ள, வண்டியத் திருப்பு. உளுந்தூர்பேட்டைக்கு விடு."

மச்சினன் எதிர்த்துப் பேசாதவன் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அவன் எதிர்த்துப் பேசியிருக்கலாம். "மாமா..." என்றான். "திருப்புடா!" என்றேன். பாய் குறுக்கே வந்து, "அண்ணே, பெரம்பலூர் இந்தப் பக்கம்ண்ணே, இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். எனக்கு வழி தெரியாது என்று நினைத்துவிட்டார் பாவம். முன் சீட்டில் ஏறிக் கதவை அறைந்தேன். அறைந்த வேகத்தில் கண் இருட்டியது. மனைவி வேறு வழியில்லாமல் பின்னால் ஏறினாள். மச்சினன் ரோட்டு நடுத் தடுப்பில் இடைவெளி வந்த இடத்தில் திருப்பி, சென்னைப் பக்கம் பார்த்து ஓட்டினான்.

என்ன நடக்கிறது என்று மனைவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. டோல்கேட் வண்டியைத்தான் பிடிக்கப் போகிறோம் என்று முதலில் நினைத்தாளாம்.

"உளுந்தூர்பேட்டையில எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரி இல்ல. அங்க போயி போன் அடிச்சா வண்டி வரும்."

"வந்து?"

"திருச்சிக்குக் கூட்டிட்டுப் போவான்."

"எந்த வழியா?"

இதே வழியாகத்தான். இதே டீக்கடையைத் தாண்டி, இதே பெரம்பலூரைத் தாண்டி. நான் சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் வாந்தி வந்தது. ஜன்னலைத் திறக்க நேரமில்லை. இடது கை எனக்குச் சொந்தமில்லாதது போல மடியில் கிடந்தது. முதல் தடவையாகப் பயம் வந்தது. கோபத்துக்கும் பயத்துக்கும் எனக்கு ஒரே சத்தம்தான், அதனால் அப்போதும் "வேகமா போடா" என்றுதான் கத்தினேன். கத்தியதாக நினைத்தேன். சத்தம் வரவில்லை.

மனைவி பின்னாலிருந்து எழுந்து தம்பியின் தோளைப் பிடித்தாள். "டேய், டோல்கேட்டுல நிறுத்து. நிறுத்தலன்னா நீ என் கூடப் பொறந்தவன் இல்ல."

"மாமா உளுந்தூர்பேட்டன்னு..."

"உங்க மாமன் போய்ச் சேருற எடம் உளுந்தூர்பேட்ட இல்லடா!"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "யோவ், மூடுய்யா வாய" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை யோவ் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். நான் மூடினேன். அன்றைக்கு நான் செய்த முதல் நல்ல காரியம் அது.

டோல்கேட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. நான் திருப்பி அனுப்பிய அதே வண்டி. நர்ஸ் வெளியே நின்று டிபன் பாக்சைத் திறந்து ஒரு வாய் வைத்திருந்தாள். மனைவி கார் நிற்பதற்குள் இறங்கி ஓடினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், டிபன் பாக்சை மூடினாள்.

"என்ன சார், ஹெலிகாப்டர் வரலயா?"

ஆனால் கேட்டுக்கொண்டே ஸ்ட்ரெச்சரை இறக்கிவிட்டாள். அவளும் டிரைவருமாக என்னைத் தூக்கிப் போட்டார்கள். மூக்கில் குழாய் வைத்தாள். வண்டி திரும்பிப் பெரம்பலூரைப் பார்த்துக் கிளம்பியது. மனைவி என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். டீக்கடை வந்தபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பாய் ரோட்டுலயே நிக்கிறாரு. ரெண்டு கையையும் தலயில வச்சிருக்காரு" என்றாள். நான் படுத்தபடி கணக்குப் பார்த்தேன். இந்த ரோட்டில் இன்றைக்கு இது மூன்றாவது தடவை. இரண்டு தடவை இங்கிருந்து பெரம்பலூர் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

வழியெல்லாம் நர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் பேசிக்கொண்டே வந்தாள். நாங்கள் போனபோது ஆட்கள் தயாராக நின்றார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி, தாள் ஓடி, ஒரு டாக்டரம்மா அதைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"இப்பதாங்க, கொஞ்சம் முன்னாடி" என்றேன்.

"பொய் சொல்றாரு டாக்டர்" என்றாள் மனைவி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தாடையிலிருந்து ஆரம்பித்தாள். பூரி, ஹெலிகாப்டர், கையெழுத்து, புல்லாங்குழல், ஒன்றையும் விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து கிடந்தவர் தலையைத் தூக்கிக் கேட்டார். மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் கையை மட்டும் ஓட்டிக்கொண்டு காதை எங்கள் பக்கம் வைத்திருந்தாள்.

டாக்டரம்மாவுக்கு ஒரு இடம் மட்டும் புரியவில்லை. "உளுந்தூர்பேட்டைக்கு எதுக்குப் போனீங்க?"

"வெளியூர் ஆளா ஆவுறதுக்கு" என்றாள் மனைவி.

கால் உடைந்தவர் சிரித்து, கால் ஆடி, ஐயோ என்று கத்தினார். நான் சாகக் கிடக்கும் நேரத்தில் அடுத்த நோயாளிக்கு ஆறுதலாக இருந்திருக்கிறேன்.

அடைப்பைக் கரைக்கும் ஊசி அங்கேயே போட்டார்கள். டிப்பர் மெதுவாக நெஞ்சைவிட்டு இறங்கியது. இரண்டு நாள் கழித்து அவர்களே ஒரு வண்டி வைத்துத் திருச்சிக்கு அனுப்பினார்கள், டோல்கேட் நர்ஸ் டீக்கடையில் சொன்ன மாதிரியே. லட்டுகளை மனைவி வார்டில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். நேராக வீட்டுக்குப் போகவில்லையே என்று நான் முனகியபோது, "பலன் சிந்துனா சிந்தட்டும், நீங்க சிந்தாம இருந்தா சரி" என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மச்சினன் அந்த இன்சூரன்ஸ் புத்தகத்தைப் போனில் முழுவதும் படித்திருக்கிறான். திருச்சி போன பிறகுதான் என் கட்டிலுக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"உளுந்தூர்பேட்ட போயிருந்தாலும் வந்திருக்க மாட்டான் மாமா. ரோட்டுக்கெல்லாம் வரமாட்டானாம். மொதல்ல நாமளா ஒரு ஆஸ்பத்திரியில போயிச் சேரணும். அங்க இருக்க டாக்டர் இங்க பாக்க முடியாதுன்னு எழுதிக் குடுக்கணும். அவங்க ஆபீசுல ஒத்துக்கணும். அப்புறந்தான் அங்கேர்ந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு வண்டி."

அதாவது நான் வாந்தி எடுத்துக்கொண்டு, நூறு கிலோமீட்டர் எல்லையைத் தாண்டி, வெளியூர்க்காரனாகி, உளுந்தூர்பேட்டை ரோட்டோரத்தில் நின்று போன் அடித்திருந்தாலும் அதே நல்ல குரல்தான் வந்திருக்கும். அதே "புரியுது சார்"தான் கிடைத்திருக்கும். இதை அவன் பெரம்பலூரில் இருந்தபோதே படித்துவிட்டானாம். சொல்லப் பயந்து மூன்று நாள் வைத்திருந்திருக்கிறான்.

அந்தக் கம்பெனிக்காரன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்குள் வருகிற நெஞ்சு வலி நெஞ்சு வலி இல்லையா? திருப்பதி போய்த் திரும்புகிறவன் எந்த மைல் கல்லில் பயணியாக இருப்பதை நிறுத்துகிறான்? ஹெலிகாப்டர் படம் போடத் தெரிந்தவனுக்கு இதைப் பெரிய எழுத்தில் போடத் தெரியாதா? இதையெல்லாம் நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் போய்க் கேட்டால் அவன் ஒரு கேள்வி திருப்பிக் கேட்பான். "ஆம்புலன்ஸ் வாசல்ல வந்து நின்னுச்சே சார், ஏன் ஏறல?" டோல்கேட் வண்டிக்கும் எல்லை இருந்தது, உண்மைதான். ஆனால் அது அந்த நர்ஸ் வாயாலேயே முதல் பேச்சில் சொன்ன எல்லை. அந்த எல்லைக்குள் எனக்கு வேண்டிய ஊசி இருந்தது.

திருச்சி டாக்டர் கம்ப்யூட்டரில் என் இதயத்தைக் காட்டினார். துடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஓரம் மட்டும் துடிக்கவில்லை. மற்ற இடமெல்லாம் வேலை செய்ய, அது சும்மா நின்று வேடிக்கை பார்த்தது.

"இது திரும்ப வருங்களா?" என்றேன்.

"அந்தத் தச செத்துருச்சு. ஊசி கொஞ்சம் முன்னாடி போட்டிருந்தா இதுல பெரும்பகுதி பொழச்சிருக்கும்."

எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை. மனைவியும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். டீக்கடையிலிருந்து கிளம்பி, மறுபடி அதே டீக்கடையைத் தாண்டும் அளவுக்கு முன்னாடி. எப்போதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் என் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

லாரியில் ஏறக் கூடாது, டயர் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது என்றார் டாக்டர். முதல் இரண்டும் முடிந்தது. லாரிகளை டிரைவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் இல்லாமல் எடை மேடையில் வேலை சீக்கிரம் முடிகிறதாம்.

மாதம் ஒரு தடவை திருச்சிக்குப் போய்க் காட்டிவிட்டு ரயிலில் வருகிறோம். போன தடவை அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி மேம்பாலப் படியில் ஏறும்போது பாதியில் மூச்சு முட்டிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி பையோடு மேலே போய்விட்டாள். இறங்கிய கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. முதுகில் பை மாட்டிய ஒருவன் என்னை இடித்துவிட்டு, "பெருசு, ஓரமா நில்லு. வழிய அடச்சிக்கிட்டு" என்றான்.

என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. அவன் அப்பனில் ஆரம்பித்து, முதுகுப் பையில் முடியும் பதில். வாயைத் திறந்தேன். மூச்சு இல்லை. ஒரு படி ஏறினேன், நின்றேன். இன்னொரு படி ஏறினேன், நின்றேன். பதில் சொல்லும் அளவுக்கு மூச்சு சேர்ந்தபோது அவன் பாலத்தைக் கடந்து, வெளியே போய், பஸ்சிலேயே ஏறியிருப்பான். மேலே நின்ற மனைவி, "என்னங்க, யாரத் தேடுறீங்க?" என்றாள்.

"யாரையும் இல்ல" என்றேன். அதற்கே இரண்டு படி மூச்சு செலவானது.